பிரஷர் மாத்திரைக்குப் போய் வாயைக் காட்டி வந்த கதை

ஸ்ரீபெரும்புதூரில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், தப்பான பஸ்ஸில் ஏறியது.

தப்பு என்று இப்போது சொல்கிறேன். அப்போது அது மிகச் சரியான பஸ்ஸாகத்தான் தெரிந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் மகன் வயிற்றுப் பேத்தி. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வருவது இரண்டே பஸ். பச்சை வந்தால் டவுனுக்கு, மஞ்சள் வந்தால் சந்தைக்கு. அறுபத்தெட்டு வயது வரை இந்த அறிவிலேயே ஓட்டிவிட்டேன். ஸ்ரீபெரும்புதூரில் காலையில் வந்து நின்றதெல்லாம் வெள்ளை பஸ். ஒன்று போனால் இன்னொன்று, அதுவும் வெள்ளை.

மகள் செல்வி, தான் வருகிறவரை அசையாமல் நிற்கும்படி போனில் சொல்லியிருந்தாள். அசையாமல் நிற்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. அந்த நேரம் பார்த்து நீலக்கோட்டுப் போட்ட பெண்பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் ஒரு பஸ்ஸில் ஏறினார்கள். செல்வி வேலைக்குப் போட்டுப்போவதும் நீலக்கோட்டுதான், போட்டோவில் பார்த்திருக்கிறேன். அப்படியானால் இந்த பஸ் செல்வி இருக்கும் இடத்துக்குத்தானே போக வேண்டும்? இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன்.

உள்ளே ஐஸ் மாதிரி குளிர். டிக்கெட் கேட்க ஆளே வரவில்லை. பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பார்த்து இந்தியில் பேசிச் சிரித்தார்கள். முன் சீட்டுப் பெண் தமிழ்ப்பிள்ளை. என்ன சொல்கிறார்கள் என்று அவளைக் கேட்டேன். அவர்களுடைய பாட்டியும் இப்படித்தான் மூட்டையோடு வருவாளாம், உள்ளே ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்கிறார்களாம். ஊறுகாய் இல்லை, கடலைமிட்டாய் இருந்தது. ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். கடித்துவிட்டு அவர்கள் சொன்னதை யாரும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பஸ் போய் நின்றது ஒரகடத்தில், ஒரு கம்பெனி வாசலில். எல்லாரும் கழுத்து அட்டையை ஒரு பெட்டியில் காட்டக் காட்ட அது கீக் கீக் என்று கத்தி உள்ளே விட்டது. எனக்குக் கத்தவில்லை. வாசலில் நின்ற செக்யூரிட்டிக்காரர் வந்தார்.

"ஆயா, உன் டேக் எங்க?"

எங்கள் பக்கம் ஆயா என்றால் பாலர் பள்ளியில் சோறு போடுகிறவள். நான் எந்தப் பள்ளியிலும் சோறு போடவில்லை, மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு செல்விக்குப் போன் போட்டார். சட்டம் சட்டம்தான் என்று பையையும் சோதித்தார். மிளகாய்வற்றலைத் தொட்டுத் தும்மினார். கடலைமிட்டாயை மோந்து பார்த்தார். அடுத்து வந்தது சம்பந்தியம்மாவுக்கு நான் ஆசையாய் வாங்கிவந்த கொட்டைப்பாக்கு, இரண்டு கிலோ. அதை மட்டும் தனியாக ஒரு தட்டில் எடுத்து வைத்தார்.

"பாக்கு, பொகையிலை எதுவும் இந்த கேட்ட தாண்டக் கூடாது ஆயா. புடிச்சாங்கன்னா என் வேலை பூடும்."

நானே கேட்டைத் தாண்டப்போவதில்லை, பாக்கு எங்கே தாண்டப்போகிறது என்று கேட்டேன். அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு டீ வாங்கிக்கொடுத்தார். செல்வி ஸ்கூட்டியில் வந்து சேர்கிற வரை அந்தப் பாக்கு குற்றவாளி மாதிரி தட்டில் தனியாக உட்கார்ந்திருந்தது. அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

செல்வி திட்டியதை எழுதினால் பேத்திக்கு நோட்டுப் பத்தாது. நான் வேடிக்கை பார்த்தபடி வந்தேன். எங்கள் கரிசக்காட்டில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெறும் வானம். இங்கே பாதி நெல்வயல், மீதிப் பாதியில் கலர் அடித்த கல் நட்டு பிளாட். நடுவில் லாரிகள் மட்டுமே குடியிருக்கிற நகரம் மாதிரி ஒன்று. ஒரு கடையில் கோணல் கோணலாக வேற்றுநாட்டு எழுத்து. அது என்ன பாஷை என்று கேட்டேன், கொரியா என்றாள். எனக்கு எல்லா எழுத்தும் ஒன்றுதான், நான் பயப்படவில்லை.

இப்போது வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஊர் பார்க்க வரவில்லை. இரண்டு அடுப்பை ஒன்றாக்க வந்தேன்.

செல்வி வேலைக்கு வந்த இடத்தில் பிள்ளைப்பாக்கத்துப் பையன் ஏழுமலையைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை தங்கம். ஷிப்டு ஷிப்டாக ஓடுகிற ஆள், வாயைத் திறந்தால் சாப்பிட மட்டும்தான் திறப்பார். அவருடைய அம்மா கன்னியம்மா. வயல் விற்ற பிறகும் இரண்டு எருமையை விற்காத மனுஷி. கல்யாணமாகி இரண்டு வருஷம் மாமியாரும் மருமகளும் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக இருந்தார்கள். பிறகு ஒரு நாள் கன்னியம்மா சாம்பாரை ஒதுக்கினாள். காரம் என்றாள். செல்வி மிளகாயைக் குறைத்தாள். அப்போதும் காரம். மிளகாயே போடாமல் வைத்தாள். எரிகிறது என்றாள். மூன்று மாதத்துக்கு முன்னால் கொல்லைப்புறத்தில் மூன்று செங்கல்லை வைத்துத் தனியாகக் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்துவிட்டாள். தெற்கத்தி மருமகள் வாயில் வைக்க முடியாமல் சமைக்கிறாள் என்று தெரு முழுக்கப் பேச்சு. குன்றத்தூரில் வீடு பார்த்துத் தனியாகப் போய்விடுகிறேன் என்று செல்வி எனக்குப் போனில் அழுதாள். அவள் போய்விட்டால் மாப்பிள்ளை பாவம், எருமை பாவம், அதைவிட அந்த மனுஷி ஒற்றையாகிவிடுவாள். அதனால்தான் கிளம்பினேன்.

வாசலில் கன்னியம்மா நின்றிருந்தாள். என்னைப் பார்த்து வாங்க என்றாள், அதுவும் பல்லுக்குப் பின்னாலிருந்து வந்தது. சிரிப்பும் உதட்டோடு சரி. மகளுக்காகப் பொறுத்துக்கொள்வோம் என்று நினைத்துப் பாக்குப் பொட்டலத்தை நீட்டினேன். அப்போதுதான் முகம் மலர்ந்தது. இடுப்பிலிருந்து பித்தளை வெற்றிலைப் பெட்டியை எடுத்தாள். நாலு துண்டு பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு எங்கள் ஊர் மழையைப் பற்றி விசாரித்தாள்.

இரண்டாம் நாள் நானே அடுப்படியில் புகுந்தேன். சம்பந்தி வீட்டில் அப்படிப் புகக்கூடாதுதான். ஆனால் வழக்கைத் தீர்க்க வந்தவள் சாட்சியை நேரில் பார்க்க வேண்டாமா? பாசிப்பருப்பு, பூசணிக்காய், உப்பு, மஞ்சள். மிளகாயும் மிளகும் டப்பாவை விட்டு வெளியே வரவில்லை. குழந்தைக்கு ஊட்டலாம், அப்படி ஒரு குழம்பு. கன்னியம்மா தட்டில் ஊற்றினேன். விரல் நுனியில் தொட்டு வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எரியுது சம்பந்தி. நான் இன்னா பண்ணட்டும்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என் சமையலில் காரம் என்று சொன்னவள் அதுவரை பிறக்கவில்லை. இது நாக்கு இல்லை, வீம்பு என்று முடிவு கட்டினேன். கொல்லையில் செல்வியிடம் முணுமுணுத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஒன்று சொன்னாள்.

"எம்மா, ஒரு நா கோவத்துல நாந்தான் ரெண்டு கரண்டி மிளகாப்பொடி கூடப் போட்டேன். அன்னைக்கு அவுக ஒண்ணுமே சொல்லாம எந்திருச்சுப் போயிட்டாக. அதாம்மா எனக்கு உறுத்துது."

இதை எழுதாதே என்று பேத்தியிடம் சொன்னேன். எழுதிவிட்டாள்.

கோபப்பட்டதும் எனக்குத் தலை சுற்றியது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, பிரஷர் மாத்திரை ஊரில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. வைத்த இடம் தெரிகிறது, கொண்டுவர மறந்துவிட்டேன். ஊரிலும் வாரத்தில் மூன்று நாள் மறப்பேன். செல்விக்குக் காலை ஷிப்டு. மறுநாள் ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப்போவதாகக் கன்னியம்மா தானே முன்வந்து சொன்னாள். வீம்புக்காரிக்கு இவ்வளவு நல்ல மனசா என்று எனக்கு ஆச்சரியம்.

அரசு சுகாதார நிலையம் நடக்கிற தூரம்தான். வழியில் கொழுக்கட்டை மாதிரி ஒன்றைச் சுட்டு விற்ற வடக்கத்திப் பையனிடம் இரண்டு வாங்கினேன். உள்ளே கடலைமாவு, வெளியே கோதுமை, பக்கத்தில் கத்தரிக்காய்ச் சட்னி. நன்றாகத்தான் இருந்தது. கன்னியம்மா வேண்டாம் என்றாள். நான் இரண்டையும் தின்றேன்.

ஆஸ்பத்திரியில் நீளப் பெஞ்சு. ஷிப்டு முடிந்து வந்த பிள்ளைகள், லாரிக்காரர்கள், எங்களைப்போல் பழசுகள். முதல் மேசையில் கையில் பட்டை கட்டிப் பிரஷர். இரண்டாம் மேசையில் விரலில் குத்திச் சுகர். எங்கள் ஊரிலும் இவ்வளவுதான். இங்கே மூன்றாவதாக ஒரு மேசை இருந்தது. அங்கே பிரேமா என்கிற சிஸ்டர், சின்னப் பிள்ளை, கையில் டார்ச்சு லைட்டோடு எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்குப் புரியவில்லை. நான் பல்வலி என்று வரவில்லையே. சிஸ்டர் பொறுமையாகச் சொன்னது. பல்லும் வாயும் வலித்தால்தான் ஜனங்கள் வருகிறார்கள், அதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. அதனால் காய்ச்சலுக்கு வந்தாலும் சுகருக்கு வந்தாலும், முப்பது வயது தாண்டிய எல்லாருடைய வாயையும் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை.

இந்தச் செய்தி பெஞ்சில் பரவியதும் நடந்ததைப் பார்க்க வேண்டுமே. ஒரு லாரிக்காரர் எழுந்து செம்பருத்திச் செடிப் பக்கம் போய் உதட்டுக்குள்ளிருந்து எதையோ துப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி வந்து உட்கார்ந்தார். நாலு பேர் குழாயடிக்கு ஓடிக் கொப்பளித்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் தம்முடைய பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டாக்டரைப் பார்க்கும்போது செருப்பைக் கழற்றுகிறோம் இல்லையா, அந்த மரியாதைதான். சிஸ்டர் விடவில்லை, பையிலிருப்பதையும் எடுத்துக் காட்டச் சொல்லித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அது உரசி ஈறில் புண்ணாகியிருந்தது. பெரியவர் அதை வெளியே சொல்லாமல் ஒரு வருஷமாக மோர் குடித்து ஓட்டியிருக்கிறார்.

எனக்குப் பின்பல் ஒன்று உடைந்து கன்னத்தைக் கீறிக்கொண்டிருந்ததாம். எடுத்துவிட வேண்டும் என்றது சிஸ்டர். ஊருக்குப் போய் எடுக்கிறேன் என்று பொய் சொன்னேன்.

பிறகுதான் அந்த விளையாட்டு. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நிமிர்த்தி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் நுழைக்க வேண்டும். நுழைந்தால் வாய் சரியாகத் திறக்கிறது என்று அர்த்தம். பெஞ்சு முழுக்க ஆளாளுக்கு விரலை வாயில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். எனக்கு மூன்றும் தாராளமாக நுழைந்தன. நாலாவதும் நுழையும் என்று காட்டினேன். சிஸ்டர் போதும் என்றது.

கன்னியம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தான் துணைக்கு வந்தவள், தனக்கு எதற்கு என்றாள். பெஞ்சில் உட்கார்ந்தால் எல்லாரும்தான் என்று சிஸ்டர் சொன்னது. அப்போதும் அசையவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு முந்தின நாள் குழம்புக் கோபம் இன்னும் ஆறவில்லை. விரல் வைப்பதற்குக்கூட வீம்பா சம்பந்தி என்று குத்தலாகக் கேட்டுவிட்டேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூன்று விரலை அடுக்கி வாய்க்குக் கொண்டுபோனாள். போகவில்லை. விரலை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். போகவில்லை. ஒரு விரலை மடக்கினாள். இரண்டு விரல் பல்லை உரசிக்கொண்டு, இடித்து இடித்து நுழைந்தது. அதற்கு மேல் தாடை இறங்கவில்லை. பெஞ்சில் சிரிப்பு நின்றுவிட்டது. பாதி வாய் திறந்தபடி அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் ஏன் பல்லுக்குப் பின்னாலிருந்து பேசுகிறாள், ஏன் உதட்டோடு சிரிக்கிறாள் என்று எனக்கு அந்த நிமிஷம் விளங்கியது. அவள் திமிரால் அப்படி இருக்கவில்லை. அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

சிஸ்டர் உடனே உள்ளே கூட்டிப்போனது. டாக்டரும் சின்ன வயதுப் பெண்தான். கையுறை போட்டுக் கன்னத்தை உள்பக்கம் தடவிப் பார்த்தாள். உள்கன்னம் வெளுத்து, தோல் மாதிரி விறைத்துப் போயிருக்கிறது என்றாள். எத்தனை வருஷமாகப் பாக்கு என்று கேட்டாள். கல்யாணத்திலிருந்து என்றாள் கன்னியம்மா. வயலில் இறங்கினால் பாக்கு, எருமை கறந்தால் பாக்கு, தூக்கம் வந்தால் பாக்கு, தூக்கம் வராவிட்டாலும் பாக்கு. டாக்டர் கடைசியாக எது சாப்பிட்டால் எரிகிறது என்று கேட்டாள்.

"எல்லாமே எரியுதும்மா. மருமக கைப்பக்குவம் அப்டி."

டாக்டர் தலையை ஆட்டினாள். "மருமக மேல தப்பில்லம்மா. பாக்கு உங்க வாயை இப்படி ஆக்கிடுச்சு. இந்த வாய்க்கு மொளகா போடாத பருப்பும் எரியத்தான் செய்யும்."

கன்னத்தில் ஒரு இடத்தில் வெள்ளைப் படை இருக்கிறது, அதைப் பெரிய பல் ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும் என்று சீட்டு எழுதினாள். இனி ஒரு துண்டு பாக்கு வாயில் படக்கூடாது என்றாள். கன்னியம்மாவுக்குப் பிரஷரும் என்னைவிடக் கூட இருந்தது. உப்பையும் குறைக்கச் சொன்னார்கள். எனக்கு ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். அதற்காகத்தான் வந்தோம் என்பதே மறந்துவிட்டது.

திரும்புகிற வழியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் டீயை ஆற்றி ஆற்றி, ஆறியே போன பிறகும் குடிக்கவில்லை.

"புத்து நோயா சம்பந்தி?"

எனக்குத் தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன். செல்வியிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றாள். மூணு மாசமா தெருவுல அவளப் பேசிகினு இருந்தேனே என்றாள், டம்ளரைப் பார்த்து. நான் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். மடியில் இருந்த டாக்டர் சீட்டு எனக்குக் கனத்தது. அதைவிட, வீட்டில் இருந்த இரண்டு கிலோ பாக்கு கனத்தது. செக்யூரிட்டிக்காரர் கம்பெனிக்குள் விடாத சாமானை நான் இந்த வாய்க்குள் கொண்டுவந்து போட்டிருக்கிறேன்.

சத்தியம் செருப்பைக் கழற்றுகிற வரைகூட நிற்கவில்லை. செல்வி வந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கொல்லைப்பக்கம் போய் அந்த மூன்று செங்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. புகையில் உட்காராமலே சிவந்திருந்தது. நேராக மாமியாரிடம் போய், நாளை மறுநாள் லீவு போடுகிறேன், நாம் மூன்று பேரும் போகிறோம் என்றாள். ஓவர்டைம் காசு போகுமே என்று மாமியார் இழுத்தாள். போனால் போகட்டும் என்றாள் இவள். மூன்று மாதத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அது.

மறுநாள் காலை தெருவுக்குக் குப்பை வண்டி வந்தது. பாக்குப் பொட்டலத்தை நானே கொண்டுபோய்ப் போட்டேன். வண்டிக்காரர் பிரித்துப் பார்த்து, இவ்வளவு நல்ல பாக்கா என்று இரண்டைப் பையில் போட்டுக்கொண்டார். கன்னியம்மா வாசலிலிருந்து கத்தினாள்.

"யோவ், துன்னாத. வாய் மூடிக்கும். வா, மூணு வெரல வை பாப்போம்."

அவர் வைத்தார். நுழைந்தது. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள், எதிர் வீட்டுக் கிழவர் வந்தார். அரை மணியில் தெரு முழுக்க வாயில் விரல். எதிர் வீட்டு மருமகளுக்கு இரண்டரை விரல்தான் நுழைந்தது, அவள் அன்றைக்கே பிரேமா சிஸ்டரிடம் போனாள். மருமகளைப் பற்றித் தெருவில் பேசிய அதே வாய், பிரச்சனை பாக்கில்தான், செல்வியிடம் இல்லை என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனதையும் நான் கேட்டேன். மன்னிப்பு என்று அவள் எங்கும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பட்டணத்துப் பல் ஆஸ்பத்திரியில் கூட்டம் கோவில் திருவிழா மாதிரி. கன்னியம்மாவின் கன்னத்திலிருந்து துளி சதையைக் கிள்ளி எடுத்தார்கள். எட்டு நாளில் சொல்வார்களாம். அவள் நாற்காலியில் ஏறியபோது செல்வி கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்குகிற வரை விடவில்லை. சும்மா நின்ற என்னையும் அங்கிருந்த டாக்டர் பார்த்துவிட்டார். உடைந்த பல்லைப் பட்டணத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்ததால் அன்று மாலை வரை நான் பேசவில்லை. மாப்பிள்ளை அதைத்தான் பெரிய அதிசயமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலு நாளுக்கு வந்தவள் இருந்துவிட்டேன். முடிவு தெரியாமல் எப்படிக் கிளம்புவது? வாய் திறப்பதற்கு டாக்டர் ஒரு பயிற்சி சொல்லியிருந்தார். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து, மெதுவாக ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். குச்சிக்கு எங்கே போவது? மாப்பிள்ளை கம்பெனி கேன்டீனில் சொல்லிவைத்து, கழுவிக் காயவைத்த குச்சியாக ஒரு கட்டுக் கொண்டுவந்தார். இந்த அம்மாவின் வாய்க்காகக் கம்பெனியில் ஒரு லைனில் வேலை பார்க்கிறவர்கள் முழுக்க ஐஸ்கிரீம் தின்றிருக்கிறார்கள். பதினாலு குச்சி நுழைந்தது. பதினைந்தாவது நுழையவில்லை. தினமும் காலையில் நான் எண்ணுவேன். எண்ணத் தெரியும், எழுதத்தான் தெரியாது.

பாக்கை விட்ட மூன்றாம் நாள் அவள் பட்ட பாடு இருக்கிறதே. கை தானாக இடுப்புக்குப் போகும். பெட்டியைத் திறப்பாள், மூடுவாள். எருமையைத் திட்டுவாள். என்னையும் ஒரு தடவை திட்டினாள், நான் எருமைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

முடிவு வருகிற நாளுக்கு முந்தின நாள் வல்லக்கோட்டைக்குப் போனோம். முருகன் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கிறார், அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். கன்னியம்மா வாயில் இரண்டு விரலை வைத்து முருகனுக்கே அளந்து காட்டினாள். மூணாவதை நீ பார்த்துக்கொள் என்று அர்த்தம். வெளியே வந்து சர்க்கரைப்பொங்கல் தின்றோம். எரியவில்லை என்றாள். நெய் நிறைய இருந்தது.

மறுநாள் செல்வி மட்டும் போய்ச் சீட்டு வாங்கிவந்தாள். நாங்கள் இரண்டு பேரும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். ஸ்கூட்டியை நிறுத்துவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள், புத்து இல்லை. ஆனால் விட்டால் அப்படி மாறக்கூடியது, மாதம் ஒருமுறை போய்க் காட்ட வேண்டும், பாக்கு இனி ஆயுசுக்கும் கிடையாது.  கன்னியம்மா எழுந்து கொல்லைக்குப் போனாள். மூன்று செங்கல்லையும் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து, ஆடிக்கொண்டிருந்த தண்ணீர் டிரம்முக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள். கையைத் தட்டிக்கொண்டு மருமகளைப் பார்த்தாள்.

"நாளிக்கு இன்னா கொழம்பும்மா?"

 பூசணிக்காய் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று மாப்பிள்ளை என்னைத் தாமே பஸ் ஏற்றிவிட்டார், வெள்ளை பஸ் பக்கமே விடவில்லை. புறப்படும்போது கன்னியம்மா என் பைக்குள் எதையோ திணித்தாள். அந்தப் பித்தளைப் பெட்டி.

"இங்க இருந்தா கை போவுது சம்பந்தி. எடுத்துகினு போங்க. நானே கேட்டாலும் குடுக்காதீங்க."

ஊருக்கு வந்து புளி போட்டுத் தேய்த்தேன். பாக்கு இருந்த அறையில் காலை மாத்திரை, சுண்ணாம்பு இருந்த அறையில் தலைவலி மாத்திரை. பளபளவென்று கண்ணில் படுகிறது, இப்போதெல்லாம் மறப்பதில்லை. மறக்கவும் முடியாது. தினமும் காலையில் எருமை கறந்த கையோடு அவள் போன் செய்கிறாள். மாத்திரை போட்டீர்களா என்று அவள் கேட்பாள், எத்தனை குச்சி என்று நான் கேட்பேன். ஒரு மாதமாகப் பதினாலு.

நேற்று பதினைந்து என்றாள். ஆடாமல் நின்றதாம். நான் இன்னொரு தடவை கேட்பதற்குள் அவள் வேறு விஷயத்துக்குப் போய்விட்டாள்.

"உங்க பொண்ணு வச்ச கொழம்புல உப்பே இல்ல சம்பந்தி. தண்ணி கணக்கா கீது."

பிரஷருக்கு உப்புக் குறைக்கச் சொன்னது டாக்டர், நான் இல்லை என்று செல்வி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். டாக்டரா வந்து துன்னப்போவுது என்று இவள் திரும்பிக் கேட்டாள். ஒரே அடுப்படியில் நின்று இரண்டு பேரும் நன்றாகச் சண்டை போட்டார்கள். போனை வைக்க மனசு வராமல், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.